உப்பளத் தண்ணீரில் தோய்த்த கத்தி

அந்த ஞாயிற்றுக்கிழமை மதுரங்குளியில் நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. ஐஸ் லொறி அண்ணன், ஐஸ் கட்டியை இழுக்கும் கொக்கி ஒன்றைப் பாயில் வைத்தார். முனை கோணல். அதை அவரே முதலில் சொன்னார்.

2. ஸ்டூடியோ நானா, சுவரில் விளக்குத் தொங்கவிடுவதற்கு அடித்த இரும்புக் கை ஒன்றை வைத்தார். அதில் போட்ட முறுக்கு பாதியில் தளர்ந்திருந்தது.

3. நான் ஒரு குறடு வைத்தேன். அது திறக்கவில்லை.

4. மருந்துக்கடை மாமா ஒரு கத்தி வைத்தார். பிழை ஒன்றும் இல்லை என்றார்.

5. கத்தியில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, அதன் மேல் சோக்குத் தூள் பூசினோம்.

6. வெள்ளைப் பூச்சில் மூன்று கறுப்புக் கோடுகள் எழுந்தன.

7. மாமா கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு, தேநீர் குடிக்காமல் போய்விட்டார்.

எங்கள் நால்வரில் எவரும் கொல்லர் இல்லை. ஸ்டூடியோ நானா மதுரங்குளிச் சந்தியில் கல்யாணப் படமும் அடையாள அட்டைப் படமும் எடுப்பவர். ஐஸ் லொறி அண்ணன் கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கர். கரைக்கு ஐஸ் கொண்டுபோய், திரும்பும்போது சிலாபம் சந்தைக்கு மீன் ஏற்றுவார். மருந்துக்கடை மாமாவின் கடை தில்லையடியில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. நான் இயந்திரவியல் டிப்ளோமா முடித்துவிட்டு, வீதி வேலைகளுக்கு வரும் கம்பியையும் கொங்கிரீட்டையும் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். கம்பியை இயந்திரத்தில் பூட்டி அறும்வரை இழுத்து, எவ்வளவு தாங்கியது என்று எழுதுவது என் வேலை.

அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போன இடத்தில்தான் நான் இதற்குள் வந்தேன். வேலை இடத்தைக் கேட்ட ஸ்டூடியோ நானா கமெராவை விட்டுவிட்டு, "இழுத்து அறுத்த கம்பியை என்ன செய்வீங்க?" என்று கேட்டார். பழைய இரும்புக்குப் போகும் என்றேன். "அதில கொஞ்சம் எங்களுக்குத் தரச் சொல்லிக் கேளுங்களேன்" என்றார். மேலதிகாரியிடம் கேட்டேன், சரி என்றார். இரண்டு மாதம் கம்பித் துண்டுகள் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாம் மாதம் சுத்தியலை என் கையில் தந்தார்கள். உம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நானாவின் மனைவி வீட்டில் இருக்கும் நாளில் மட்டுமே நான் போகலாம். நான் ராத்தா என்று கூப்பிடும் அந்த மனுஷி அநேகமாக எல்லா நாளும் வீட்டில்தான் இருந்தார், எங்களைக் கேலி செய்வதற்காகவே இருப்பதுபோல.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் ஒன்று. பழைய லொறி ரிம்மின் உட்புறம் களிமண் பூசி உலையாக்கியிருந்தார்கள். எரிப்பது சிரட்டைக்கரி, இந்தப் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. அடைகல்லுக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டு ஒன்று. மாதம் முழுக்க அவரவர் வசதிப்படி வந்து அடிப்போம். படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடுவோம். மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எல்லாரும் கூடி, கொட்டில் வாசலில் பாய் விரித்து, செய்ததை அதில் வைப்போம். வைக்கிறவர் முதலில் அதிலுள்ள பிழையைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கையில் எடுக்கலாம். இந்த ஒழுங்கை யார் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. நான் வரும்போதே இருந்தது. அதில் ஒரு வசதி உண்டு. பிழையை நாமே சொல்லிவிட்டால் மற்றவர்கள் நல்லதைத்தான் தேடுவார்கள்.

என் குறட்டின் பிழையைச் சொல்ல அதிக நேரம் எடுக்கவில்லை. இரண்டு கைகளையும் பிணைக்கும் ஆணியை அளவுக்கு மேல் அடித்து இறுக்கிவிட்டேன்.

"வாயே திறக்குதில்ல" என்றார் ஐஸ் லொறி அண்ணன், குறட்டை முழங்காலில் வைத்து இழுத்தபடி. "கலியாணத்துக்குப் பிறகு நான் இருக்கிற மாதிரி இருக்கு, தங்கச்சி."

"ஒங்கட வாய் திறக்காமலா கற்பிட்டியிலிருந்து இங்க வரைக்கும் கதை கேக்குது?" என்றார் ராத்தா, கதவடியில் நின்றபடி.

சூடாக்கி அசைத்தால் இளகும் என்று நானா சொன்னார். அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். அவர் துணியை மெல்ல விரித்தார்.

முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளமான கத்தி. லொறியின் அடியில் இருக்கும் வில்லுத்தகட்டை வெட்டி அடித்தது. பிடி பாலை மரம். பிடியும் இரும்பும் சேரும் இடத்தில் நகம் நுழையவும் இடமில்லை. அதுவரை அந்தப் பாயில் அப்படியொன்றை எவரும் வைத்ததில்லை. அவர் வழக்கமாகக் கொண்டுவருவது சாவி மாட்டும் கொக்கிகளும் மருந்துப் பெட்டி உடைக்கும் சின்னக் கத்திகளும்தான்.

"பிழையைச் சொல்லுங்க, டொக்டர்" என்றார் ஐஸ் லொறி அண்ணன். மருந்துக்கடைக்காரரை அவர் எப்போதும் டொக்டர் என்றுதான் அழைப்பார்.

"பிழை ஒண்டும் இல்ல."

"அப்பிடிச் சொல்ல ஏலாது. சட்டம் சட்டம்தான்."

"இல்லாத பிழையை எங்க போய்க் கொண்டாற? இந்தா, பாரு." மாமா இடது கையை நீட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு மயிர் இல்லை. கூர் பார்த்துப் பார்த்தே வழித்திருந்தார்.

"மற்றக் கையையும் வழிச்சிப்போட்டு வாங்க, பார்க்க ஒரே மாதிரி இருக்கும்" என்றார் ராத்தா.

எல்லாரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார். ஆனால் அந்தக் கத்தி எதற்கு என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவருடைய குடும்பம் மன்னாருக்குத் தெற்கே கடலோரத்து ஊரிலிருந்து தொண்ணூறில் இடம்பெயர்ந்து வந்தது. என் வீட்டாரும் அதே வருடம் வந்தவர்கள்தான். யுத்தம் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு அவருடைய மூத்த சகோதரர், காக்கா, அங்கே திரும்பிப் போய் வீடு கட்டினார். வருகிற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அண்ணன் தம்பிமார் சேர்ந்து அந்த வளவில் மாடு அறுத்துக் குர்பான் கொடுப்பதாக முடிவு. அதைப் பேசக் கூடிய இடத்தில் மாமா, அறுக்கிற கத்தி தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். காக்கா எல்லாருக்கும் முன்னால், "அப்ப கட்டுப் போட மருந்தையும் பஞ்சையும் சேர்த்துக் கொண்டு வா" என்று சொன்னாராம். கத்தி பாய்க்கு வந்த அந்த ஞாயிறன்று பெருநாளுக்கு இரண்டு கிழமைகூட இருக்கவில்லை.

கத்தி கைமாறி என்னிடம் வந்தது. அரத்தை அலகின் ஓரத்தில் வைத்துத் தள்ளினேன். கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கியது. இரும்பு மிகவும் கடினமாக இருந்தால்தான் அரம் அப்படி வழுக்கும்.

"எதில தோய்ச்சீங்க, மாமா?" என்று கேட்டேன். சிவக்கக் காய்ந்த இரும்பை எதில் தோய்க்கிறோம் என்பதில்தான் அதன் கடினம் இருக்கிறது. நாங்கள் வழக்கமாகத் தேங்காய் எண்ணெயில் தோய்ப்போம்.

"எண்ணெய் இல்ல" என்றார் பெருமையாக. "உப்புத் தண்ணியில தோய்ச்சா இன்னும் கடுமையா வரும் எண்டு வீடியோவில பார்த்தன். பாலாவியில எங்கட ஆள் ஒருவன் உப்பளத்தில வேலை. உப்பு இறங்கின பிறகு நிக்கிற கடுந்தண்ணி ஒரு கேன் நிரப்பித் தந்தான். கடல் தண்ணி எல்லாம் அதுக்குக் கிட்டவும் வராது."

நானா என்னைப் பார்த்தார்; அவ்வளவு வேகமாகக் குளிர்ந்த இரும்பு வெடிக்கலாம். நான் கத்தியைப் பிடியில் தொங்கவிட்டு விரல் நகத்தால் தட்டினேன். ஒலி வந்தது, ஆனால் உடனே நின்றது. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மரப்பிடி போட்ட கத்தி எதுவும் மணிபோல ஒலிக்காது.

வேலை செய்யும் இடத்தில் ஒட்டு வைத்த இரும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சிவப்புச் சாயம் ஒன்று பாவிப்போம். சாயம் இல்லாவிட்டால் மண்ணெண்ணெயும் சோக்கும் போதும். மண்ணெண்ணெயைத் தடவிச் சற்று நேரம் விட்டு, சுத்தமாகத் துடைத்து, சோக்குத் தூளைப் பூச வேண்டும். வெடிப்பு இருந்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் கசிந்து தூளை நனைக்கும். மாமாவிடம் கேட்டேன். "பாருங்க, பாருங்க" என்றார். ராத்தாவின் மகளுடைய பள்ளிக்கூடப் பையிலிருந்து சோக்கு வந்தது.

முதல் கோடு அலகின் நடுவில், வளைவு தொடங்கும் இடத்தில் வந்தது. மயிரளவு. பிறகு அதன் இரு பக்கமும் ஒவ்வொன்று. மூன்றும் அலகின் ஓரத்திலிருந்து முதுகை நோக்கி நின்றன.

எவரும் கேலி செய்யவில்லை. முதலில் பேசியவர் மாமா.

"அரத்தில ராவினாப் போயிரும்."

"எவ்வளவு ஆழம் எண்டு தெரியாதே, மாமா" என்றேன்.

"எப்பிடித் தெரியும்?"

நானாதான் சொன்னார். "உடைச்சிப் பார்த்தாத்தான்."

மாமா சோக்குத் தூளைத் துணியால் துடைத்தார். கோடுகளும் போய்விட்டன, அவை இல்லவே இல்லை என்பதுபோல. கத்தியைச் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

அந்தக் கிழமை எங்கள் குழுவில் எவரும் படம் போடவில்லை. ஐஸ் லொறி அண்ணன் ஒரு நாள் காலையில் மட்டும் வெறும் சலாம் ஒன்று அனுப்பினார். மாமா அதைப் பார்த்தார் என்று தெரிந்தது, பதில் எழுதவில்லை.

நான் அந்தக் கோடுகளைப் பற்றி அடிக்கடி யோசித்தேன். ஆய்வுகூடத்தில் உடைப்பதற்கு எனக்குத் தயக்கம் வந்ததே இல்லை. நூறு கம்பிகள் வந்தால் அதில் மூன்றை எடுத்து உடைப்போம், மிச்சத்தை நம்புவோம். உடைத்த மூன்றும் எவருக்கும் சொந்தமில்லை. இங்கே இருந்தது ஒரே ஒரு கத்தி. அதன் உள்ளே என்ன என்று அறிந்தால், அறிந்ததைத் தவிர கையில் ஒன்றும் மிஞ்சாது. எனக்குத் தெரிந்த முறை எதுவும் அதற்கு உதவவில்லை.

வியாழக்கிழமை உம்மாவின் பிறஷர் குளிசை வாங்க மாமாவின் கடைக்குப் போனேன். வேறு கடைக்கும் போயிருக்கலாம். அவர் குளிசையை எண்ணி உறையில் போட்டு, எழுதி, நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு நின்றேன்.

"நேத்து காக்கா போனில கோல் எடுத்தாரு" என்றார். "கத்தி எப்பிடி எண்டு கேட்டாரு. நல்லா இரிக்கி எண்டன்."

"ம்."

"பொய் இல்ல. பார்க்க நல்லாத்தானே இரிக்கி." குளிசைப் பெட்டியை மூடிவிட்டு, "அறுக்கக்குள்ள அலகு தெறிச்சா என்ன நடக்கும் மகள்? ஒரு பல்லு விழுந்தாலும் போதும். ஒரே இழுவையில போகவேண்டிய உயிர் இழுபடும்" என்றார்.

"கடையில வாங்கின கத்தி ஒண்டைக் கொண்டு போனா?"

"காக்கா சிரிப்பாரு. சிரிக்கட்டும். அது பெரிசில்ல." அவர் மேசையில் கிடந்த ரப்பர் வளையத்தை விரலில் சுற்றினார். "மாட்டுக்குத் தெரியாது மகள், இது பொழுதுபோக்குக்கு அடிச்ச கத்தி எண்டு."

அதற்குள் ஒருவர் பிள்ளையின் காய்ச்சலுக்குப் பாணி மருந்து கேட்டு வந்தார். மாமா எடுத்துக் கொடுத்து, எத்தனை கரண்டி என்று சொல்லி அனுப்பிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"நானாட்டச் சொல்லுங்க, நாளைக்கு ஜும்மா முடிய நான் வாறன் எண்டு. கரி இரிக்கட்டும்."

வெள்ளிக்கிழமை எனக்கு அரை நாள் லீவு கிடைத்தது. நான் போகும்போது மாமா ஏற்கெனவே கத்தியின் பிடியைக் கழற்றியிருந்தார். பாலை மரத்தின் இரண்டு துண்டுகளையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மேசையில் பூட்டிய வைஸின் தாடைகளுக்கு நடுவே அலகைச் செங்குத்தாக இறுக்கினார். மேலே சாக்கைப் போர்த்தினோம், துண்டு தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. ஐஸ் லொறி அண்ணன் சுத்தியலை எடுத்தார். மாமா அதை அவரிடமிருந்து வாங்கினார்.

ஒரே அடி. பலமான அடிகூட இல்லை.

துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். புதிதாக உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் மணல்போல் மினுங்கியது. ஆனால் அலகின் ஓரத்திலிருந்து பாதி அகலம் வரை வேறு நிறம், தேன் நிறத்துக்கும் ஊதாவுக்கும் இடையில். அந்த நிறத்தை நாங்கள் நால்வரும் அறிவோம். தோய்த்த கத்தி மிகக் கடினமாக இருக்கும் என்பதால் அதை அடுப்பில் வைத்து இளஞ்சூட்டில் சற்று இளக்குவோம். அப்போது இரும்பின் மேல் ஏறும் நிறம் அது. மாமா தன் மனைவி கேக் போடும் ஓவனில் அதைச் செய்திருந்தார். ஓவனின் காற்றுப் படாமல் அந்த நிறம் வராது. அப்படியென்றால் ஓவனுக்குள் போகும் முன்பே அந்த இடம் திறந்திருக்கிறது. உப்பளத் தண்ணீருக்குள் இறங்கிய நொடியிலேயே வெடித்திருக்கிறது. கடுந்தண்ணீர் சூட்டை ஒரேயடியாக இழுத்ததில் வெளித்தோல் முந்தி இறுகியது. உள்ளே இருந்தது பிந்தி இறுகி விரிந்தபோது தோல் அதைத் தாங்கவில்லை.

"பாதிக்கு வந்திரிக்கி" என்றார் மாமா. குரலில் கவலையைவிட வியப்பு அதிகம். "பாதி போன கத்தியாலயா நான் கையை வழிச்சிக்கிட்டு இருந்தன்?"

"அதுதான் மயிரோட போச்சுது, டொக்டர். இல்லாட்டிக் கை போயிருக்கும்" என்றார் ஐஸ் லொறி அண்ணன். அந்தக் கொட்டிலில் நாலைந்து நாளாக நின்றிருந்த ஏதோவொன்று அப்போது விலகியது.

வில்லுத்தகட்டில் இன்னொரு கத்திக்கு மட்டும் இரும்பு மிச்சமிருந்தது. அன்று பின்னேரமும் சனிக்கிழமையும் அடித்தோம். மாமா வடிவம் அடித்தார், ஐஸ் லொறி அண்ணன் பெரிய சுத்தியல் போட்டார், நான் உலையைப் பார்த்தேன். இரும்பு எந்தச் சூட்டில் தோய்ச்சலுக்குத் தயார் என்பதைக் காந்தத்தால் பார்க்கலாம், ஒட்டாமல் விட்டதும் எடுக்க வேண்டும். நானா பழைய பால்மாத் தகரத்தில் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி வைத்திருந்தார். அலகு உள்ளே போனதும் மேலே ஒரு சுவாலை எழுந்து அடங்கியது. வளவு முழுக்கப் பலகாரம் பொரிக்கும் வாசம்.

"இரும்பைப் பொரிச்சித் தின்னப் போறாங்க" என்று ராத்தா மதிலுக்கு அந்தப் பக்கத்து மனுஷியிடம் சொல்வது கேட்டது. "ஓம், உண்மையாத்தான். வந்து பாருங்க."

இந்தக் கத்தி முதலாவதுபோல அழகில்லை. தோய்ச்சலில் நுனிப்பக்கம் சற்றுத் திரும்பிவிட்டது. முதுகில் சுத்தியல் பட்ட பள்ளங்கள் இரண்டை ராவி எடுக்க நேரமில்லை. மாமாவின் மனைவி ஓவனை இரண்டாம் முறையும் தந்தார், இனிமேல் கேக் கேட்கக் கூடாது என்ற பேச்சோடு. பழைய பிடியையே பொருத்தினோம். மண்ணெண்ணெயும் சோக்கும் பூசி, எண்ணெய் ஊற நேரம் விட்டுப் பார்த்தோம், கோடு வரவில்லை. அலகின் ஓரத்தைப் பித்தளைக் கம்பியின் மேல் அழுத்தி இழுத்தோம். கம்பி பட்ட இடத்தில் ஓரம் வளைந்து, விட்டதும் நேரானது. மிஞ்சிய கடினமென்றால் தெறித்திருக்கும், போதாதென்றால் வளைந்தபடி நின்றிருக்கும்.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்று மாமா என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரிந்த பரிசோதனைகள் எல்லாவற்றிலும் தேறிவிட்டது என்றேன். அவர் தலையாட்டினார். என் பதிலில் எதையோ எடைபோட்டதுபோல இருந்தது.

பெருநாளின் மூன்றாம் நாள் அவர் எங்கள் கேற்றடியில் வந்து நின்றார். கையில் இறைச்சிப் பங்கு. ஐஸ் லொறி அண்ணன் கொடுத்த பெட்டியில் ஐஸ் நிரப்பி, அங்கிருந்து கொண்டுவந்திருந்தார். அண்ணனுக்கும் ஒரு பங்கு இருந்தது. உம்மா உள்ளே வரச் சொன்னார். நேரமில்லை என்று சொல்லிவிட்டு, கேற்றைப் பிடித்தபடியே முழுக் கதையையும் சொன்னார்.

அங்கே அறுக்க வந்த பள்ளிவாசல் மோதினார் கத்தியைப் பெருவிரல் நகத்தில் மெல்ல இழுத்துப் பார்த்தாராம், பல் இருந்தால் நகத்தில் தட்டும். நுனியிலிருந்து அடிவரை இழுத்துவிட்டு, "நல்ல கத்தி. யாரு அடிச்ச?" என்று கேட்டிருக்கிறார். காக்கா மாமாவின் தோளில் கை போட்டு, "எங்கட தம்பிதான். இதாலயே அறுங்க" என்றாராம். இரண்டு மாதமாகக் கேலி செய்த அதே காக்கா.

"நான் வாணாம் எண்டுட்டன்" என்றார் மாமா.

"என்னத்துக்கு?" என்று உம்மா கேட்டார்.

"வழிநெடுக யோசிச்சிக்கிட்டே போனன். முதல் கத்தியையும் இந்தக் கண்ணால பார்த்துத்தான் நல்லது எண்டனான். இதையும் கண்ணாலதான் பார்த்திரிக்கிறம். அது நல்ல கத்தியா இரிக்கலாம். அதை அந்த மாட்டுட கழுத்தில வெச்சித்தான் அறியணுமா? மோதினார் தன்ட கத்தியையும் கொண்டு வந்திருந்தாரு. எத்தினையோ வருசம் பாவிச்ச கத்தி. அதால அறுக்கச் சொன்னன்."

"காக்கா என்ன சொன்னாரு?"

"'அப்ப என்னத்துக்குடா இதைச் சுமந்துகொண்டு வந்தே?' எண்டு கேட்டாரு. இறைச்சி வெட்ட எண்டன்." மாமா சிரித்தார். "முழு இறைச்சியும் அதாலதான் வெட்டினம். ஒரு பல்லு விழல்ல."

அந்தக் கத்தியால் அறுத்திருக்கலாம் என்றுதான் நான் நினைத்தேன். நானே பார்த்த கத்தி அது. கோடு இல்லை, தெறிக்கவில்லை, வளைந்தபடி நிற்கவில்லை. ஆனால் அங்கே நின்றவர் நான் இல்லை. அந்தப் பரிசோதனைகள் எனக்குப் போதுமாக இருந்தன, அவருக்குப் போதவில்லை. இதில் எவர் சரி என்று பிறகு பலமுறை யோசித்தும் நான் ஒரு முடிவுக்கு வரவில்லை. உம்மாவுக்கு அந்தச் சந்தேகம் இருக்கவில்லை. இறைச்சியைக் கழுவிக்கொண்டே, "நல்ல மனுஷன்" என்று மட்டும் சொன்னார்.

கத்தி இப்போது அங்கே, காக்காவின் வீட்டில் இருக்கிறது. கிழமைக்கொரு தரம் இறைச்சி வெட்ட அதை எடுக்கிறார்களாம். எடுக்கும் நாளெல்லாம் அலகில் பல் விழுந்திருக்கிறதா என்று மாமா தொலைபேசியில் கேட்கிறார். இதுவரை விழவில்லை. அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அதால் அறுப்பதா என்று மாமா இன்னும் முடிவு செய்யவில்லை.